இருட்டியபின் வரும் தம்பி

விடியற்காலை நான்கரை மணிக்குக் கெலாங் பாத்தா சாலையோரம் நின்று பாருங்கள். இரண்டாவது இணைப்புப் பாலத்தை நோக்கி மோட்டார் விளக்குகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். துவாஸ் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். அந்த வரிசையில் என் தம்பியும் ஒருவன். சூரியன் எழும் முன் கிளம்பி, அது மறைந்தபின் வீடு திரும்புவான். "இவன் என்ன இரத்தக்காட்டேரியா?" என்று அம்மா கேலி செய்வார்.

அந்தக் கேலிக்குப் பொருத்தமாக, நாங்கள் இருவரும் இப்போது இரத்தக்காட்டேரி கேம் ஒன்றுக்காகத்தான் காத்திருக்கிறோம். பெயர் 'தி டஸ்க்பிளட்ஸ்'. 2025 ஏப்ரல் 2ஆம் தேதி நிண்டெண்டோ நிறுவனம் இதை அறிவித்தது. வெளியாகும் ஆண்டு 2026 என்றும் சொன்னது. உருவாக்குவது ஜப்பானின் ஃபிரம்சாஃப்ட்வேர். இயக்குநர் ஹிடெடாக்கா மியாசாக்கி. 2015இல் 'பிளட்போர்ன்', 2022இல் 'எல்டன் ரிங்' எனப் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் செய்தவர் இவர்தான்.

வானுயர்ந்த கோபுரங்கள், இருண்ட தேவாலயங்கள், புகை கக்கும் இரயில்கள். அங்கே எட்டுப் பேர் வரை இணையத்தின் வழி ஒரே களத்தில் இறங்கலாம். எல்லாரும் இரத்தத்தால் சக்தி பெற்றவர்கள். 'முதல் இரத்தம்' என்ற ஒன்றுக்காகத்தான் போட்டி. ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளலாம். பெரிய அரக்கன் வந்தால் கைகோத்தும் நிற்கலாம்.

காட்டேரி நமக்குப் புதிதா?

'வெள்ளைக்காரன் பேயை ஜப்பான்காரன் விற்கிறான், நமக்கென்ன?' என்று நினைக்க வேண்டாம். விக்கிரமாதித்தன் தோளில் சுமந்த வேதாளத்தை, 1870இல் ரிச்சர்ட் பர்ட்டன் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோது 'வேம்பயர்' என்றே பெயர் வைத்தார். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' வெளிவந்தது அதற்கும் 27 ஆண்டுகள் கழித்து, 1897இல்.

நம் மண்ணின் பொந்தியானாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வாழைமரத்தடிக்கு இரவில் போகாதே என்று மிரட்டப்படாத பிள்ளை இங்கே உண்டா? 1957இல் சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனம் எடுத்த 'பொந்தியானாக்' படத்தில் மரியா மெனாடோ நடித்தார். அந்த மலாய்ப் படத்தை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ்.

பாலம் மூடிய காலம்

ஆனால், நான் காத்திருப்பது பேய்க்காக அல்ல.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அதற்கு முந்தின நாளே தம்பி ஒரே ஒரு பையோடு சிங்கப்பூருக்குப் போய்விட்டான். இரண்டு வாரம் என்று நினைத்துப் போனவன். தரைவழி எல்லை பழையபடி திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதி.

அந்நாள்களில் கம்போங் பெண்டாஸ் கரைக்குப் போனால் எதிரே துவாஸ் தெரியும். தம்பி தெரியமாட்டான். இரவில் நாங்கள் 'டார்க் சோல்ஸ் 3' விளையாடினோம். அதில் ஒருவர் தரையில் ஒரு குறி எழுதி வைப்பார். மற்றவர் அதைத் தொட்டால், எழுதியவர் ஒளிரும் ஆவியாக எழுந்து வந்து துணைக்கு நிற்பார். அரக்கன் செத்ததும் மறைந்துவிடுவார். ஒவ்வோர் இரவும் தம்பி அப்படித்தான் வந்து போனான். அப்பா கதவைத் தள்ளி, "சின்னவன் வந்துட்டானா?" என்று கேட்பார். கேமைப் பார்க்கமாட்டார். காதொலிக் கருவியைக் கழற்றி அவர் காதில் வைப்பேன். "சாப்பிட்டியாய்யா?" என்பார். அவ்வளவுதான்.

இப்போது பாலம் திறந்திருக்கிறது. தம்பிக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. வீடு பத்து நிமிடத் தூரம்தான். ஆனால் பாலம் மூடியிருந்தபோது பேசியதில் பாதிகூட இப்போது பேசுவதில்லை. நான் வேலை முடிந்து வந்து பசியாறி உட்காரும்போது, அவன் தூங்கியிருப்பான்.

கணக்கு

சிக்கல் இல்லாமல் இல்லை. இந்தக் கேம் 'நிண்டெண்டோ சுவிட்ச் 2' கருவிக்கு மட்டுமே வருகிறது. 2025 ஜூனில் அமெரிக்காவில் அது விற்பனைக்கு வந்தபோது விலை சுமார் 450 டாலர். ஆளுக்கு ஒன்று வேண்டும். "இந்த வயசிலயா?" என்று என் மனைவி கேட்டதற்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மியாசாக்கி சொன்ன ஒரு விவரம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. களத்தில் சிலருக்குத் தனிப் பாத்திரம் அமையுமாம். ஒருவர் தமக்கென விதிக்கப்பட்ட எதிரியைத் தேட வேண்டும். இன்னொருவர் தமக்கென விதிக்கப்பட்ட துணையைத் தேட வேண்டும்.

தம்பியிடம் சொன்னேன். "அதுல ஒருத்தர ஒருத்தர் கொல்லணுமேண்ணே?" என்றான்.

"கொல்றதுக்காவது நீ வரணுமே."

சிரித்தான். பிறகு கைப்பேசியை எடுத்து, எந்தச் சனிக்கிழமைகளில் தனக்கு ஷிப்ட் இல்லை என்று பார்க்கத் தொடங்கினான்.