உங்களுக்குத் தெரியுமா? டயருக்குள் நைட்ரஜன்

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். 21 சதவீதம் ஆக்ஸிஜன். ஆகவே பெட்ரோல் பங்கில் காற்றடித்த டயரிலும் முக்கால் பங்குக்கு மேல் இருப்பது நைட்ரஜனே.

நைட்ரஜன் உயிர்காக்கும் இடம் விமானச் சக்கரம். பிரேக்கின் கடும் வெப்பம் டயரை எட்டும்போது ரப்பரிலிருந்து எரியக்கூடிய ஆவி எழுகிறது. உள்ளே போதிய ஆக்ஸிஜன் இருந்தால் அது வெடிக்கும். 1986 மார்ச் 31 அன்று மெக்ஸிகோ நகரிலிருந்து கிளம்பிய மெக்ஸிகானா போயிங் 727 விமானத்தில் நடந்தது இந்தக் கொடுமைதான். நைட்ரஜனுக்குப் பதில் காற்று நிரப்பிய டயர், பிரேக் சூட்டில் நடுவானில் வெடித்தது. விமானத்தில் இருந்த 167 பேரும் இறந்தனர். அதன்பின், பெரிய பயணிகள் விமானங்களின் பிரேக் உள்ள சக்கரங்களில் ஆக்ஸிஜன் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கா விதி செய்தது.

கார் டயருக்கு அத்தகைய ஆபத்து இல்லை. அங்கே கிடைக்கும் நன்மை வேறு: ரப்பர் வழியே நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசியும். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 31 வகை டயர்களை 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஓராண்டு வைத்துப் பார்த்தது. காற்று நிரப்பியவை சராசரியாக 3.5 பி.எஸ்.ஐ. இழந்தன, நைட்ரஜன் நிரப்பியவை 2.2. காசு கொடுத்து வாங்கும் அளவுக்கு இது பெரிய வித்தியாசம் அல்ல. எதை நிரப்பினாலும் மாதம் ஒருமுறை அழுத்தத்தைப் பார்த்தாக வேண்டும். நைட்ரஜன் டயரில் அழுத்தம் குறைந்தால் சாதாரணக் காற்றையே அடித்துக்கொள்ளலாம். இரண்டும் கலப்பதால் கெடுதல் எதுவும் இல்லை.