ஷெர்ரி

ஷெர்ரி என்பது ஸ்பெயின் நாட்டின் தென்கோடியில், அண்டலூசியாவின் காதிஸ் மாகாணத்தில், வெள்ளைத் திராட்சையிலிருந்து செய்யப்படும் ஒருவகை வைன் ஆகும். ஹெரெஸ் தெ லா ஃபிரொன்தேரா, சான்லூகார் தெ பர்ரமேதா, எல் புவெர்த்தோ தெ சான்தா மரியா ஆகிய மூன்று ஊர்களைச் சூழ்ந்த பகுதி இதன் தாயகம். நொதித்து முடிந்த வைனுடன் வடித்த திராட்சைச் சாராயம் சேர்த்து வலுவூட்டுவது இதன் மரபு. ஆல்ககாலின் அளவு கொள்ளளவில் 15 முதல் 22 விழுக்காடு வரை இருப்பதால், விடுதிகளில் இது பெரும்பாலும் முழுப் புட்டியாக அன்றிச் சிறு கண்ணாடிக் குவளைகளில் அளந்தே பரிமாறப்படுகிறது.

ஷெர்ரி என்று கேட்பவருக்கு வைக்கோல் நிறத்தில், நாவை இழுக்கும் இனிப்பற்ற பானமும் கிடைக்கலாம். தேநீர் நிறத்தில், வாதுமைக் கொட்டை மணக்கும் பானமும் கிடைக்கலாம். இரண்டும் ஒரே திராட்சையிலிருந்து, ஒரே விதமாகத் தொடங்கியவை. அவற்றைப் பிரித்தது காற்று. ஒன்று காற்றுப் படாமல் முதிர்ந்தது. மற்றொன்று காற்றுப் பட்டே முதிர்ந்தது.

பெயர்

அரேபியர் ஆட்சிக்காலத்தில் ஹெரெஸ் நகரின் பெயர் ஷெரிஷ் என வழங்கியது. ஸ்பானிய மொழியிலும் முற்காலத்தில் அப்பெயரின் முதலெழுத்து ‘ஷ’ ஒலியே பெற்றிருந்தது. பிற்காலத்திலேயே ‘ஹ’ போன்ற ஒலியாக மாறியது. ஆங்கிலேயர் பழைய ஒலிப்பைக் கேட்டு ‘ஷெரிஸ்’ என்றனர். பின்னர் அதன் இறுதி ‘ஸ்’ பன்மை விகுதி எனத் தவறாகக் கருதப்பட்டு விடப்பட்டதால் ‘ஷெர்ரி’ பிறந்தது. ஷேக்சுபியரின் நான்காம் ஹென்றி நாடகத்தின் இரண்டாம் பாகத்தில் ஃபால்ஸ்டாஃப் என்னும் பாத்திரம் இவ்வைனைப் புகழ்வது பழைய வடிவத்தில்தான்.

பிற நாடுகளும் தம் வைனுக்கு இப்பெயரைச் சூட்டிக்கொண்டிருந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1996 முதல் ஹெரெஸ் பகுதியின் வைனுக்கு மட்டுமே இப்பெயர் உரியது. ஆத்திரேலியாவில் செய்யப்படும் இதையொத்த வைன் இன்று ‘அபெரா’ எனப்படுகிறது.

நொதியப் படலம்

இப்பகுதியின் மண் சுண்ணாம்பு மிகுந்து வெண்மையானது. மழைநீரைத் தேக்கி வைத்துக் கொண்டு, மழையற்ற நீண்ட கோடையில் கொடிக்குத் தரக்கூடியது. இதில் விளையும் பலோமினோ என்னும் திராட்சைக்குத் தனக்கெனப் பெரிய மணம் ஏதுமில்லை. மணத்தைத் தருவது பின்னர் நிகழும் முதிர்ச்சியே.

நொதித்த வைனைச் சுமார் 15 விழுக்காட்டு வலிமைக்கு உயர்த்தி, 600 லிட்டர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாயில் ஆறில் ஐந்து பங்கு மட்டும் நிரப்புவர். மேலே விடப்படும் காலியிடத்தில் சில வாரங்களில் வெண்மையான ஆடை ஒன்று வைனின் மேல் படரும். ஆறிய பாலின் மேல் படியும் ஆடையைப் போன்ற தோற்றமுடைய இதனை ஊரார் ‘ஃபுளோர்’, அதாவது பூ, என்பர். இது உயிருள்ள நொதியங்களின் கூட்டம். அப்பம் உப்பவும் வைன் நொதிக்கவும் காரணமான அதே இனத்தைச் சேர்ந்த நொதியமே இங்கு மிதந்து வாழப் பழகியுள்ளது.

உண்பதற்குச் சர்க்கரை எஞ்சியிராத நிலையில் இந்நொதியம் ஆல்ககாலையும் கிளிசராலையும் உண்கிறது. அதற்கு வேண்டிய ஆக்சிசனைக் காலியிடத்துக் காற்றிலிருந்து எடுத்துக் கொள்கிறது. ஆகவே அடியிலுள்ள வைனைக் காற்று எட்டுவதில்லை. நிறம் வெளிறியே இருக்கும். ஆல்ககாலின் ஒரு பகுதி அசிட்டால்டிகைடாக மாறுகிறது. அடிபட்ட பச்சை ஆப்பிளை நினைவூட்டும் கூர்மையான மணம் அதனுடையது. (மது அருந்தியவர் உடலில் ஆல்ககால் சிதையும்போது முதலில் உண்டாகும் நச்சுப் பொருளும் இதுவே.) கிளிசரால் குறைவதால் வைன் வாயில் வழவழப்பின்றி மெல்லியதாகப் படும்.

வலிமையை 17 விழுக்காட்டிற்கு மேல் உயர்த்தினால் படலம் உயிர் வாழாது. பின்பு வைன் ஆண்டுக்கணக்கில் காற்றுடன் வினைபுரிந்து கருமையடையும். மரத்தின் வழியே நீர் ஆவியாகி, ஆண்டுக்கு 3 முதல் 5 விழுக்காடு வரை குறையும், எஞ்சுவது செறிவுறும்.

சோலேரா முறை

ஷெர்ரிப் புட்டிகளில் பெரும்பாலும் ஆண்டு குறிக்கப்படுவதில்லை. பீப்பாய்கள் வயதுவாரியாகப் பல அடுக்குகளாக வகுக்கப்பட்டிருக்கும். மிக மூத்த அடுக்கு சோலேரா. இளையவை கிரியாதேரா, அதாவது வளர்ப்பகம். விற்பனைக்கு வைன் எடுப்பது சோலேராவிலிருந்துதான்; அதுவும் ஒரு பகுதி மட்டுமே. எடுத்த இடத்தை அடுத்த இளைய அடுக்கிலிருந்து நிரப்புவர். அதன் குறையை அதற்கும் இளையது நிரப்பும். படலத்தின்கீழ் முதிரும் வகைகளுக்கு இது இன்றியமையாதது. புதிய வைன் வராவிடில் நொதியம் உணவின்றி இறந்துவிடும்.

இதில் ஒரு சுவையான கணக்கு உண்டு. நான்கு அடுக்குகள் உள்ளன என்றும், ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு நகர்கிறது என்றும் கொள்வோம். ஒரு துளி வைன் ஓர் அடுக்கில் சராசரியாக 3 ஆண்டுகள் தங்கும். நான்கு அடுக்குகளையும் கடக்கச் சராசரியாக 12 ஆண்டுகள் ஆகும். ஓர் அடுக்கில் இன்று இருப்பதில் 10 ஆண்டுகளுக்குப் பின்னும் அங்கேயே எஞ்சுவது 2 விழுக்காட்டிற்கும் குறைவு. எனினும் கணக்கின்படி அது ஒருபோதும் சுழியாவதில்லை. நூறாண்டுக்கு முன் தொடங்கிய சோலேரா என்று புட்டியில் எழுதியிருந்தால், உள்ளே நூறாண்டு வைன் இருப்பதாகப் பொருளன்று. அதன் சுவடு இருக்கலாம். சராசரி வயது 20, 30 ஆண்டுகளுக்கு மேற்பட்டவற்றுக்குத் தனிச் சான்றளிக்கும் முறை 2000ஆம் ஆண்டில் வந்தது.

குவளையில் அறியும் சுவை

படலத்தின்கீழ் முழுதும் முதிர்ந்தது ஃபினோ. பாதாம், பிசைந்த மாவு, பச்சை ஆப்பிள் ஆகியவற்றின் மணமும், முடிவில் சிறு கசப்பும் உடையது. இதையே குவாதல்கிவிர் ஆற்றின் கழிமுகத்திலுள்ள சான்லூகாரில் முதிரவைத்தால் மன்சனீயா எனப்படும். அங்குள்ள ஈரமும் மிதமான வெப்பமும் படலத்தை ஆண்டு முழுதும் தடிப்பாக வைத்திருக்கும். மன்சனீயா என்பது ஸ்பானிய மொழியில் சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்த கெமோமில் பூவின் பெயருமாகும். இதில் உப்புச்சுவை தோன்றுவதைப் பலரும் குறிப்பிடுவர்.

படலமே இன்றி முதிர்ந்தது ஓலொரோசோ. ‘மணமிக்கது’ என்பது பெயரின் பொருள். வால்நட், பதப்படுத்திய தோல், காய்ந்த ஆரஞ்சுத் தோல் போன்ற மணங்கள். வாயில் கனமும் உருட்சியும். இயல்பில் இதில் இனிப்பில்லை. கிளிசராலின் வழவழப்பை இனிப்பு என்று நா மயங்குவதுண்டு. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது அமொந்தியாதோ. சில ஆண்டுகள் படலத்தின்கீழ் இருந்து, படலம் அழிந்தபின் காற்றில் முதிர்ந்தது. முகரும்போது வறுத்த கொட்டையும், சுவைக்கும்போது ஃபினோவின் கூர்மையும் தெரியும். எட்கர் ஆலன் போ 1846இல் வெளியிட்ட புகழ்பெற்ற கதையில் ஒருவன் ஆசைப்பட்டு உயிரிழப்பது இவ்வகையின் ஒரு பீப்பாய்க்காகவே.

பாலோ கொர்த்தாதோ என்னும் அரிய வகைக்குப் பெயர் தந்தது சாக்பீசுக் கோடு. ஃபினோவுக்கென ஒரு கோடிட்டு வைத்த பீப்பாய் வேறு திசையில் செல்வதைக் கண்டால், அக்கோட்டின் குறுக்கே இன்னொன்று இழுப்பர். ‘வெட்டிய கோல்’ என்ற பெயர் அதனால் வந்தது. மணம் அமொந்தியாதோவை ஒத்தும், வாயில் கனம் ஓலொரோசோவை ஒத்தும் இருக்கும்.

காற்றில் நெடுங்காலம் முதிர்ந்த வைன்களில் சோட்டோலோன் என்னும் சேர்மம் உண்டாகிறது. வெந்தயத்தின் தனித்த மணத்திற்குக் காரணமும் இதே சேர்மம்தான். எனவே தமிழ்ச் சமையலறையில் பழகிய மூக்குக்குப் பழைய ஷெர்ரியில் ஒரு தெரிந்த வாசம் தட்டுப்பட்டால் அது கற்பனை அன்று.

இனிப்பு வகைகளில் தலையாயது பெட்ரோ ஹிமெனெஸ்; இது திராட்சையின் பெயரும் ஆகும். பழத்தை வெயிலில் உலர்த்திப் பிழிவதால் லிட்டருக்கு 212 கிராமுக்குக் குறையாத சர்க்கரை இருக்கும். கறுத்துத் தடித்து, பேரீச்சை, அத்தி, உலர்திராட்சைச் சுவையுடன் பாகுபோல் ஊற்றும். ஓலொரோசோவுடன் இத்தகைய இனிப்பு வைனைக் கலந்து செய்யும் கிரீம் ஷெர்ரி பிரித்தானியச் சந்தையில் பெரிதும் விற்றது. ஷெர்ரி என்றாலே இனிப்பு என்ற எண்ணம் பரவியதில் அதற்குப் பங்குண்டு.

பரிமாறுதலும் திறந்த புட்டியும்

முதிர்வகங்களில் நீண்ட கோலின் நுனியில் சிறு கிண்ணம் பொருத்திய வெனென்சியா என்னும் கருவியால் படலத்தை அதிகம் கலைக்காமல் ஊடுருவி வைனை எடுப்பர். சுவைப்பதற்கு வாய் குறுகிய, துலிப் மலர் வடிவக் குவளை ஏற்றது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றினால் மணம் திரள இடமிராது. ஃபினோவும் மன்சனீயாவும் 7 முதல் 9 பாகை செல்சியசில் குளிர்ந்திருக்க வேண்டும்; அமொந்தியாதோ, ஓலொரோசோ ஆகியவற்றுக்கு 12 முதல் 14 பாகை போதும்.

புட்டியைத் திறந்தபின் வைனைக் காக்கப் படலம் ஏதுமில்லை. காற்றையே அறியாது வளர்ந்த ஃபினோ, குளிர்பெட்டியில் வைத்தாலும் ஒரு வாரத்திற்குள் மணமிழந்து நிறம் மங்கும். அமொந்தியாதோ இரண்டு மூன்று வாரமும், ஓலொரோசோ ஒரு மாதத்திற்கு மேலும் தாங்கும். காற்று அவற்றுக்குப் புதிதன்று. 750 மில்லிலிட்டர் புட்டியிலிருந்து 75 மில்லிலிட்டர் வீதம் பத்துக் குவளைகள் ஊற்றலாம். நாளொன்றுக்கு ஒரு குவளை ஃபினோ மட்டுமே விற்கும் விடுதியில் கடைசி மூன்று பேருக்குக் கிடைப்பது ஃபினோவின் பெயர் மட்டுமே. ஷெர்ரி தமக்குப் பிடிக்கவில்லை என்போரில் எத்தனை பேர் அந்தக் கடைசிக் குவளைகளைப் பெற்றவர்களோ! 375 மில்லிலிட்டர் அரைப்புட்டிகள் இக்குறைக்கு எளிய தீர்வு. ஃபினோவைக் குவளையில் கேட்பவர், புட்டி எந்நாளில் திறக்கப்பட்டது என்று முதலில் கேட்பது முறையானதே.