திருவிழாக் கூட்டமும் திடல் மண்ணும்

சங்கரன்கோவிலில் கோமதி அம்மனைக் கும்பிட்டுத் திரும்புகிறவர்கள் கையில் புற்றுமண் இருக்கும். நெற்றியில் இட்டுக்கொள்வார்கள், தோல் நோய்க்குப் பூசுவார்கள், பொட்டலம் கட்டி ஊருக்கு எடுத்துப்போவார்கள். மண்ணையே பிரசாதமாகத் தருகிற ஊர் அது. புற்றைக் கட்டுவது கறையான். உருண்டை உருண்டையாக மண்ணை மேலே கொண்டுவரும்போது, தரைக்குள் வளை வளையாகத் துளைகளை விட்டுச் செல்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை வயல்களில் நடந்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. எறும்பும் கறையானும் இருந்த நிலத்தில், அவற்றை ஒழித்த நிலத்தைவிட 36 சதவீதம் கூடுதல் விளைச்சல். அந்தத் துளைகள் வழியே மழைநீர் ஆழத்துக்கு இறங்கியது முக்கியமான காரணம்.

ஒரு பூங்காவோ திடலோ உயிரோடு இருக்கிறதா என்பதை முடிவுசெய்வதும் இந்தத் துளைகள்தான். திருவிழா முடிந்த மறுநாள் கண்ணில் படுவது குப்பை மட்டும். தூய்மைப் பணியாளர்கள் இரவு பகலாக உழைத்து அதை அள்ளிவிடுகிறார்கள். இடம் பழையபடி ஆகிவிட்டது என்று ஊரும் நினைத்துக்கொள்கிறது. அள்ள முடியாத சேதம் தரைக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் நடந்திருக்கும்.

நல்ல மண்ணின் கன அளவில் ஏறத்தாழ பாதி வெற்றிடம்தான். அதில் காற்றும் நீரும் இருக்கின்றன. மிதிபடும்போது முதலில் நசுங்குபவை பெரிய துளைகள். மழையை உள்ளே விடுவதும் வேருக்கு ஆக்சிஜன் கொண்டுபோவதும் அவைதான். மரத்தின் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டடி மண்ணுக்குள்ளேயே பரவியிருக்கிறது. காற்று கிடைக்காத வேர் உடனே மரத்தைச் சாய்த்துவிடுவதில்லை. சில ஆண்டுகள் கழித்து உச்சிக் கிளை காயத் தொடங்கும். அதற்குள் திருவிழாவை எல்லோரும் மறந்திருப்பார்கள். பட்டுப்போன மரம் என்று வெட்டிவிடுவார்கள்.

மண் இறுகுவதில் பெரும்பங்கு முதல் சில மிதிகளிலேயே நடந்துவிடுகிறது. அதனால் கூட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் சேதமும் பாதியாகும் என்று கணக்குப் போட முடியாது. எது மிதிக்கிறது என்பதும் முக்கியம். நிற்கும் மனிதரின் பாதம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய அரை கிலோ அளவுக்கு அழுத்துகிறது. சரக்கு ஏற்றிய லாரியின் சக்கரம் அதே இடத்தில் ஆறு முதல் எட்டு கிலோ வரை அழுத்தும். பந்தல் கம்பும் ராட்டினத்தின் இரும்பும் ஏற்றிவந்த லாரி, திடலுக்குள் நினைத்த பக்கமெல்லாம் திரும்பினால் பக்தர்களின் கால் செய்யாத கேட்டை அது செய்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் ஈரம். காய்ந்த மண் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பாரத்தைத் தாங்கும். ஈரமானால் வழுக்கி நெருங்கிவிடும். குயவர் காலால் மிதித்துப் பதமாக்குவதும் ஈரக் களிமண்ணைத்தான்.

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ‘கிரேட் லான்’ என்ற பெரிய புல்வெளி இருக்கிறது. 1981இல் சைமன், கார்ஃபங்கல் இருவரும் பாடியபோது சுமார் ஐந்து லட்சம் பேர் அங்கே கூடினார்கள். அந்தப் பூங்காவைச் சீரமைக்க நிதி திரட்டவே அந்தக் கச்சேரி. ஆண்டாண்டாக மிதிபட்டுப் புழுதிக்காடான புல்வெளியைப் புதிதாக அமைத்து 1997இல் மறுபடி திறந்தார்கள். அதன் பிறகு, குளிர்காலத்தில் புல்லுக்கு ஓய்வு கொடுத்து மூடிவைப்பது வழக்கம். இவ்வளவு கவனம் எடுத்தும் 2023 செப்டம்பரில் மழைக்கு நடுவே நடந்த இசை விழாவில் மூன்றில் ஒரு பங்கு புல்தரை நாசமானது. அடுத்த ஏப்ரல் வரை மக்கள் உள்ளே போக முடியவில்லை. ஒரே ஒரு நாள் மழையில் ஒரே ஒரு விழா செய்த வேலை அது.

இந்தக் கண்ணோடு சங்கரன்கோவிலைப் பார்க்க வேண்டும். கோமதி அம்மனின் ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து லட்சக்கணக்கில் சனம் வருகிறது. பருத்தி, மிளகாய், நெல் என்று காட்டில் விளைந்ததை அம்மன் சப்பரத்தின் மேல் சூறைவிடுகிறார்கள். ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழுந்தாலும், மலையிலிருந்து விலகிய கரிசல் பூமிக்குக் காற்றுதான் மிச்சம். பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வரும். ஆடியில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பாரம் தாங்கும் பருவம் அது. அதோடு கரிசல் மண்ணுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இறுகிய கட்டி கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து புதுத் துளைகள் பிறக்கின்றன. செம்மண்ணுக்கு இந்தத் திறமை மிகக் குறைவு.

ஆனால் அது நடக்க மண் திறந்து கிடக்க வேண்டும், ஓய்வும் வேண்டும். அழகுபடுத்துகிறோம் என்று மரத்தடி வரை பேவர் பிளாக் பதித்துவிட்டால் கரிசலாலும் ஒன்றும் செய்ய முடியாது. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. தமிழ்நாட்டுப் பூங்காக்களிலும் செய்ய வேண்டிய வேலை அது.

பராமரிப்பு இல்லாத பூங்காவில் திருவிழாவின் அடி இரண்டு மடங்காக விழும். இலைமக்கு நிறைந்த மண் பாரத்தை ஓரளவு தாங்கி மீளும். உதிர்ந்த இலையை எல்லாம் கூட்டிக் கொளுத்துகிற பூங்காவில் அந்த மக்கு எங்கிருந்து வரும்? குழாய் உடைந்து, தோட்டக்காரரும் இல்லாத இடத்தில் புல் ஏற்கெனவே அரை உயிராகத்தான் இருக்கும்.

மண்ணைக் காப்பதால் விழா நின்றுவிடாது. கொல்கத்தா மைதானத்தில் 1976 முதல் புத்தகக் கண்காட்சி நடந்தது. சுற்றுச்சூழல் கேட்டைக் காட்டித் தொடுத்த வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2007இல் தடை விதிக்க, கண்காட்சி இடம் மாறியது. இடம் மாறினாலும் கண்காட்சி இன்றுவரை நடக்கிறது, கூட்டமும் குறையவில்லை. நம் பக்கத்திலேயே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. 1988இல் அறிவிக்கப்பட்ட, தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறைக்குள், தாமிரபரணிக் கரையில், ஆடி அமாவாசைக்குக் குடில் போட்டு மக்கள் தங்குவார்கள். அடுப்பு மூட்டிய இடத்திலும் ஆள் நடமாடிய இடத்திலும் மரக்கன்று முளைத்து வர முடியாது. தங்கும் நாட்களைக் குறைத்தும், தனியார் வாகனங்களை அகஸ்தியர்பட்டியில் நிறுத்தி அரசுப் பேருந்தில் அனுப்பியும் அங்கே நெருக்கடியைக் குறைத்திருக்கிறார்கள். கோயிலும் இருக்கிறது, நேர்த்திக்கடனும் நிற்கவில்லை.

சங்கரன்கோவிலிலும் மற்ற ஊர்களிலும் திடல் மண்ணைக் காக்கப் பெரிய பணம் தேவையில்லை. லாரிக்கு ஒரே தடம் ஒதுக்கலாம். புழுதி அடங்க லாரி லாரியாகத் தண்ணீர் விட்டுத் திடலைச் சேறாக்காமல் இருக்கலாம். கடை ஏலத்தொகையில் ஒரு பகுதியைத் திடலுக்கென்றே ஒதுக்கி, விழா முடிந்ததும் மண்ணைக் கொத்திக் கிளறி, மக்கு உரம் போட்டு, கார்த்திகை மழை ஓயும் வரை வேலி கட்டி விட்டுவைக்கலாம். நகராட்சியும் கோயில் நிர்வாகமும் அடுத்த தபசுக்கான முதல் கூட்டத்தில், குடிநீரையும் கழிப்பறையையும் பற்றிப் பேசும்போது இதையும் பேச வேண்டும்.