ஒற்றை லாரிக்காரரின் காகிதங்கள்

நாமக்கல், சங்ககிரி பக்கம் ஒரே ஒரு லாரியை ஃபைனான்ஸில் எடுத்து ஓட்டிப் பிழைப்பவர்கள் ஏராளம். தகுதிச் சான்றான எஃப்.சி., பெர்மிட், லைசென்ஸ் எல்லாம் பிரேக் இன்ஸ்பெக்டர் மறித்தால் காட்டுவதற்கு என்றுதான் அவர்களில் பலர் நினைக்கிறார்கள். அபராதத்தை மட்டும் பார்த்தால் அந்த நினைப்பில் ஒரு நியாயம் இருப்பதுபோலவும் தோன்றும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம். இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் முதல் முறை 2,000 ரூபாய். சட்டப் புத்தகத்தில் சிறைத் தண்டனையும் இருக்கிறது, ஆனாலும் பேச்செல்லாம் பணத்தைப் பற்றியதுதான். நல்ல லோடு ஒன்று கிடைத்தால் அந்தப் பணத்தை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கில் விபத்து என்ற ஒன்று இல்லவே இல்லை. காலாவதியான ஒரு காகிதத்தின் உண்மையான விலையை வசூலிக்க வருவது ஆர்.டி.ஓ. அல்ல, நாம் பிரீமியம் கட்டிய இன்சூரன்ஸ் கம்பெனி.

“இன்சூரன்ஸ்தான் தவறாமல் கட்டியிருக்கிறேனே” என்பார்கள். பாலிசி இருந்தால் மட்டும் போதாது. மற்றக் காகிதங்களில் குறை இருந்தால், பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடும் வழக்கம் நிலைத்துவிட்டது. பெர்மிட் இல்லாமல் ஓடிய வண்டி விபத்தில் சிக்கிய அம்ரித் பால் சிங் வழக்கில், அது அடிப்படையான மீறல் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அப்படித்தான் உத்தரவிட்டது. எஃப்.சி.யும் இதோடு பிணைந்தது. செல்லுபடியாகும் தகுதிச் சான்று இருக்க வேண்டும் என்பது ஒவ்வொரு பெர்மிட்டின் நிபந்தனை. அது இல்லாத போக்குவரத்து வாகனம் முறைப்படி பதிவானதாகவே கருதப்படாது என்று சட்டத்தின் 56-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே எஃப்.சி. முடிந்த வண்டி விபத்துக்குள்ளானால், கம்பெனிக்கு வாதாட இடம் கிடைத்துவிடும். வசூலிக்கத் தனி வழக்குகூட வேண்டாம், இழப்பீட்டை வழங்கிய அதே விபத்துத் தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனு போட்டால் போதும் என்று 2004-இல் நஞ்சப்பன் வழக்கில் முடிவாகிவிட்டது. ஓர் உயிரிழப்புக்கான இழப்பீடு பல லட்சங்களில் வரும். ஒற்றை லாரிக்காரருக்கு அது வீட்டையும் நிலத்தையும் தொடும் தொகை.

டிரைவரின் லைசென்ஸ் விஷயத்தில் சட்டம் உரிமையாளர் பக்கமும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. லைசென்ஸில் குறை இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, உரிமையாளர் உரிய கவனம் எடுக்கவில்லை என்பதையும் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும் என்கிறது உச்ச நீதிமன்றத்தின் 2004-ஆம் ஆண்டு ஸ்வரண் சிங் தீர்ப்பு. ஆகவே வேலைக்குச் சேர்க்கும்போதே லைசென்ஸை இணையத்தில் சரிபார்த்து ஒரு நகல் எடுத்து வைப்பது பிறகு சாட்சியாக நிற்கும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக லைசென்ஸ் உள்ளவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்திருக்கிறது. அதற்கு மேற்பட்ட வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை. தானே ஓட்டும் உரிமையாளர் கவனிக்க வேண்டியது வேறு. சொந்த வண்டியில் அவர் மூன்றாம் நபர் ஆகமாட்டார். தன் தவறால் நேரும் விபத்தில் அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ கிடைப்பது, 2018-இல் 15 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்ட தனிநபர் விபத்துக் காப்பீடு மட்டுமே. அதுவும் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கு, அவரிடம் லைசென்ஸ் உயிரோடு இருந்தால்தான். ஆர்.சி. மனைவி பெயரிலும் ஸ்டியரிங் கணவர் கையிலும் இருக்கும் குடும்பங்கள் இதை ஏஜென்ட்டிடம் இன்றே கேட்டு, டிரைவருக்கான கூடுதல் காப்பீட்டை பாலிசியில் சேர்த்துக்கொள்வது நல்லது.

ஓவர்லோடு பற்றிப் பேசினால் கிடைக்கும் பதில் கோபமானது, நியாயமானதும்கூட: “பாஸிங் எடைக்கு ஏற்றினால் டீசலுக்கும் தவணைக்குமே வாடகை போதாது, நான் மறுத்தால் அடுத்த வண்டிக்காரர் ஏற்றிக்கொள்வார்.” வாடகையை நிர்ணயிக்கும் பலம் ஒற்றை லாரிக்காரரிடம் இல்லை என்பது உண்மை. 2018-இல் அச்சு எடை வரம்பை உயர்த்தி, ஆறு சக்கர லாரிக்கு 16.2 டன்னாக இருந்த மொத்த எடையை 18.5 டன் ஆக்கியபோதும் நெருக்கடி தீரவில்லை. ஆனால் அந்தக் கூடுதல் எடையின் லாபம் யாருக்குப் போகிறது, அபராதம் யாருக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும். வரம்பு மீறினால் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், இறக்கும் கூலி தனி. ஐந்து டன் அதிகம் என்றால் 30,000 ரூபாய். எடை போட மறுத்தால் 40,000. வண்டியை ஓட்டச் செய்தவரும் பொறுப்பு என்று 194-ஆம் பிரிவு சொன்னாலும் செலான் வருவது வண்டி எண்ணுக்குத்தான். எடை மேடைச் சீட்டும் லாரி ரசீதான எல்.ஆர்.-இல் எழுதிய எடையும் கையில் இருந்தால், ஏற்றி அனுப்பியவரைக் கேட்கவாவது ஒரு பிடி இருக்கும். வண்டி சேதத்துக்கான கிளெய்மை ஓவர்லோடைக் காட்டி முழுதாக மறுத்தால் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 75 சதவீதம் வரை தரலாம் என்ற வழிகாட்டுதலை 2010-இல் அமலேந்து சாஹூ வழக்கில் உச்ச நீதிமன்றமே எடுத்துக்காட்டியிருக்கிறது. சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம், கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.

“எல்லாம் சரியாக வைத்திருந்தாலும் மாமூல் கேட்கிறார்களே” என்பது அடுத்த வாதம். கேட்கிறார்கள்தான். ஆனால் காகிதம் சரியாக இருப்பவருக்கு மறுக்க இடமுண்டு, இல்லாதவருக்கு அதுவும் இல்லை. டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் உள்ள ஆவணம் அசலுக்குச் சமம். மின்னணு முறையில் சரிபார்த்த ஆவணத்துக்கு 2020 அக்டோபர் முதல் காகிதம் கேட்கக் கூடாது. 207-ஆம் பிரிவின்கீழ் வண்டியைப் பிடித்து வைத்தால், ஆவணங்களுடன் போக்குவரத்து அதிகாரியிடம் விடுவிக்க மனு செய்யும் உரிமை உண்டு. கட்டாயத்தால் லஞ்சம் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் அவர்மீது குற்றம் சாராது.

சரக்கோடு செல்ல வேண்டிய மின்னணுச் சீட்டான ஈ-வே பில்லில் குறை என்று ஜி.எஸ்.டி. அதிகாரிகள் நிறுத்தும்போதுதான் லாரிக்காரர் மிகவும் தவித்துப் போகிறார். சரக்கின் வரி விவகாரம் அவருடையதல்ல, ஆனால் நிற்பது அவர் வண்டி. மாநிலம் தாண்டும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு பில் கட்டாயம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம் அது செல்லும். வழியில் வண்டி மாற்றினால் புது எண்ணைச் சேர்க்க வேண்டும். வண்டி எண்ணில் ஓரிரு இலக்கப் பிழை போன்ற சிறு தவறுகளுக்கு மொத்தம் 1,000 ரூபாய் அபராதம் போதும் என்று 2018 செப்டம்பரில் சுற்றறிக்கை வந்திருக்கிறது. பிழை பெரிதானால் ஏழு நாளில் நோட்டீஸும் அடுத்த ஏழு நாளில் உத்தரவும் வர வேண்டும். சரக்குக்காரர் எட்டிப் பார்க்காவிட்டாலும், அபராதத் தொகை அல்லது ஒரு லட்சம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அதைக் கட்டி வண்டியை மட்டும் மீட்டுக்கொள்ளலாம். ஒரு லட்சம் சிறிய தொகை அல்ல. ஆனாலும் வண்டி மாதக்கணக்கில் வெயிலில் நின்று வரும் நஷ்டத்தைவிட அது குறைவு.

லாரியை விற்ற பிறகும் பொறுப்பு விடுவதில்லை. மீதித் தவணையை வாங்குபவரே கட்டட்டும் என்று ஃபைனான்ஸ் முடியாத வண்டியை வெள்ளைத் தாளில் எழுதிக் கைமாற்றுவது சகஜம். அந்தத் தாளை விபத்துத் தீர்ப்பாயம் மதிக்காது. பல கைகள் மாறிய ஒரு வண்டியின் விபத்துக்கு, ஆர்.சி.யில் பெயர் இருந்த முதல் ஆளே பொறுப்பு என்று நவீன் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஃபைனான்ஸ் நிலுவையில் இருந்தால் அந்தக் கம்பெனியின் ஒப்புதல் இல்லாமல் பெயர் மாறாது. ஆகவே அந்த ஒப்புதலை வாங்கும்வரை சாவியைக் கொடுக்காமல் இருப்பதே உத்தமம்.