படித்தது, படிப்பது, பாதியில் விட்டது

‘படிக்கணும்’ என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் ‘கண்டிப்பா படிக்கணும்’ என்று இன்னொன்று. அதற்கும் உள்ளே ‘லீவுல படிக்கணும்’. எந்த வருடத்து லீவு என்பது உரியவருக்கே மறந்துபோயிருக்கும். மின்னூல் சேர்க்கும் பழக்கமுள்ளவர்களின் கணினியைத் திறந்தால் இந்தக் குடும்பம் ஏதாவதொரு பெயரில் அங்கே குடியிருக்கிறது. இதில் எது முடித்தது, எது நாற்பதாம் பக்கத்தில் நின்றது, எது திறக்கவே படாதது என்று கேட்டால்தான் பதில் வராது.

அச்சுப் புத்தகத்திடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டாம். முதுகில் விழுந்த மடிப்பும், நடுவில் செருகிய பஸ் டிக்கெட்டும் சொல்லிவிடும். மின்னூலுக்கு அழுக்கு ஒட்டாது. இறக்கிய அன்றைக்கும் பத்து வருடம் கழித்தும் அதே முகம்.

சேர்வதும் வேகமாகச் சேர்கிறது. தமிழ் மின்னூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது, ஈழத்து நூல்களுக்கான நூலகம் தளம் 2005இல் வந்தது, ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் 2013இல். 2016 டிசம்பரில் கிண்டிலிலும் தமிழ் நூல்கள் விற்பனைக்கு வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தால் ஐம்பது நூல் இறங்கிவிடும். படிக்க ஐந்து வருடம் ஆகும்.

ஃபோல்டரால் இதைச் சமாளிக்க முடியாமல் போவதற்குக் காரணம் எளியது. ஒரு கோப்பு ஓர் இடத்தில்தான் இருக்கும். பொன்னியின் செல்வனை ‘கல்கி’ ஃபோல்டரில் வைத்தால் ‘படித்தது’ ஃபோல்டரில் வைக்க முடியாது. இரண்டிலும் போட்டால் இரண்டு பிரதி. இந்தச் சங்கடத்தை அலமாரிக் காலத்திலேயே யோசித்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த அவர் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல் பொருள், இடம், காலம் என்று அதன் பல முகங்களையும் குறியீட்டில் கொண்டுவந்தது. ஆனால் ‘படித்தாயிற்று’ என்பது அந்த முகங்களில் சேராது. சோழர் காலம் என்பது புத்தகத்தைப் பற்றிய செய்தி. படித்ததும் படிக்காததும் வாசகரைப் பற்றிய செய்தி. அதுவும் மாதா மாதம் மாறுகிற செய்தி. மாறுவதை எழுதி வைக்க ஃபோல்டர் சரிப்படாது, அழித்து எழுதும் ஒரு கட்டம் வேண்டும்.

அந்தக் கட்டத்தைத் தருவது காலிபர் என்கிற இலவச மென்பொருள். சோனி நிறுவனத்தின் வாசிப்புக் கருவி லினக்ஸ் கணினியோடு பேச மறுத்ததால், 2006இல் கோவித் கோயல் தனக்காக எழுதத் தொடங்கியது இது. இன்று விண்டோஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடுகிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் நூலொன்றை ஈபப், மோபி, ஆறு அங்குலப் பிடிஎஃப் என்று ஆசைப்பட்டு எல்லா வடிவிலும் இறக்கி வைத்திருப்பவருக்கு முதல் நிம்மதி, அத்தனையும் இதில் ஒரே நூலின் ஒரே வரிக்குள் அடங்கிவிடுவது.

நிலையைக் குறிக்க, அமைப்புகளில் ‘சொந்தப் பத்தி’ ஒன்றைச் சேர்க்க வேண்டும். பத்தியின் தலைப்பை ‘நிலை’ என்று தமிழிலேயே வைக்கலாம். தேடலுக்கான உள்பெயர் மட்டும் ஆங்கிலச் சின்ன எழுத்தில் இருக்க வேண்டும்; அங்கே தமிழில் அடித்துவிட்டு ஏன் ஏற்கவில்லை என்று குழம்புகிறவர்கள் உண்டு. பத்தியின் வகையாக, குறிப்பிட்ட சொற்களை மட்டும் ஏற்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இல்லையென்றால் இன்றைக்கு ‘முடிந்தது’, நாளைக்கு ‘முடித்தாச்சு’, அடுத்த வாரம் ‘படிச்சாச்சு’ என்று ஒரே நிலைக்கு மூன்று பெயர் வந்துவிடும். பிறகு இடப்பக்கப் பட்டியலில் ஒவ்வொரு நிலைக்கும் எதிரே எத்தனை நூல் என்ற எண் நிற்கும். சொடுக்கினால் அவை மட்டும் திரையில் வரும்.

எத்தனை நிலை வைப்பது? படித்தது, படிக்காதது என்று இரண்டே போதும் என்று தோன்றும். போதாது. ஒரே நேரத்தில் நாலு புத்தகம் திறந்து வைத்திருப்பவருக்கு ‘படிப்பது’ வேண்டும். அகராதி, சமையல் குறிப்பு போன்றவற்றை யாரும் முடிப்பதில்லை, அவற்றுக்கு ‘புரட்ட’. எல்லாவற்றையும்விட உபயோகமானது ‘விட்டது’. குட்ரீட்ஸ் தளம் வெகுகாலம் வாசகருக்குத் தயாராகக் கொடுத்தவை மூன்றே அலமாரிகள்: படித்தது, படிப்பது, படிக்க விரும்புவது. கைவிட்டதற்கு இடமில்லை, அவரவரே ஒன்று செய்துகொண்டார்கள். பின்னால் வந்த ஸ்டோரிகிராஃப் ‘முடிக்கவில்லை’ என்பதையும் ஒரு நிலையாகவே வைத்தது. பிடிக்காத நாவலை ‘படிக்காதது’ வரிசையிலேயே வைத்திருந்தால், ஒவ்வொரு முறை பட்டியலைத் திறக்கும்போதும் கடன்காரர் மாதிரி அது எதிரே வந்து நிற்கும். ‘விட்டது’ என்று போட்டால் கணக்கு தீர்ந்தது. எந்த அத்தியாயத்தில், எதனால் விட்டோம் என்று குறிப்பு எழுத இன்னொரு பத்தியும் சேர்க்கலாம். மூன்று வருடம் கழித்துப் படித்தால் நூலைவிட அந்தக் குறிப்பு சுவையாக இருக்கும்.

கருவியே கணக்கு வைக்காதா என்றால், ஓரளவுக்கு வைக்கும். கிண்டில் சதவீதம் காட்டுகிறது. படித்தவை, படிக்காதவை என்று பிரித்தும் தருகிறது. ஆனால் கட்டுரை நூலின் கடைசியில் அடிக்குறிப்புகளும் சொல்லடைவும் இருந்தால், முழுக்கப் படித்தவருக்கும் 80 சதவீதத்தில் நிற்கும். ஐந்து பாகப் பொன்னியின் செல்வன் ஒரே கோப்பாக இருந்தால், முதல் பாகத்தை முடித்தவர் இன்னும் ‘தொடக்கத்தில்’தான். பாகங்களைத் தனித்தனி நூலாக வைத்து, தொடர் என்ற கட்டத்தில் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டால், நிலையும் பாகத்துக்குப் பாகம் தனியாக நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்த நிலைக் குறிப்புகள் ஈபப் கோப்புக்குள் தானாக எழுதப்படுவதில்லை. காலிபர் நூலகத்தின் தலைமை ஃபோல்டரில் உள்ள தரவுத்தளத்தில் இருக்கின்றன. அந்த ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தால் தமிழ்ப் பெயர்களெல்லாம் விநோதமான ஆங்கில எழுத்துகளாக மாறியிருக்கும்; திருத்தக் கை பரபரக்கும், தொடக் கூடாது. லேப்டாப் மாற்றும்போது ஈபப்களை மட்டும் பொறுக்கி பென் டிரைவில் போட்டுக்கொண்டால், நூல்கள் அத்தனையும் பத்திரமாகப் புது லேப்டாப்புக்கு வரும். எதைப் படித்தோம் என்பது பழைய லேப்டாப்போடு எக்ஸ்சேஞ்சில் போய்விடும். தலைமை ஃபோல்டரை அப்படியே முழுசாக நகலெடுத்தால், ‘விட்டது’ வரிசைகூடக் கூடவே வந்துசேரும்.