யானை வருது, ஆமை வருது!



என் அக்கா டவுனில் காலேஜ் படிக்கிறாள். லீவுக்கு வந்தப்போ செல்போனில் ஒரு இசையைப் போட்டு, "இது என்ன மிருகம்னு சொல்லு பார்ப்போம்" என்றாள். பாட்டே இல்லை, வெறும் வாத்தியம்தான். இதில் மிருகம் எங்கே வரும் என்று நினைத்தேன். கண்ணை மூடிக் கேட்டேன். கனமாக ஏதோ ஆடி ஆடி நடந்து வந்தது. "யானை!" என்று கத்திவிட்டேன். சரியான விடை!

இதை இயற்றியவர் பிரான்ஸ் நாட்டின் கமீல் சேன் சான்ஸ். 1835-இல் பாரிஸில் பிறந்தார். பத்து வயதிலேயே மேடையேறி பியானோ வாசித்தவர். 1886-இல் இவர் எழுதியதுதான் 'விலங்குகளின் கார்னிவல்'. கார்னிவல் என்றால் வேஷம் கட்டி ஆடிப்பாடும் கொண்டாட்டம். இதில் மொத்தம் 14 சின்னச் சின்ன பகுதிகள். எல்லாம் சேர்த்துக் கேட்க அரைமணி நேரம்கூட ஆகாது.

மிருகங்கள் எப்படி வருகின்றன தெரியுமா?

யானை: ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கும் டபுள் பேஸ் என்ற வாத்தியம். வயலினுக்குப் பெரியண்ணன் மாதிரி. குரலும் தடித்த குரல்.

ஆமை: ஆஃபன்பாக் என்பவர் போட்ட வேகமான டான்ஸ் மெட்டு அப்போ பாரிஸில் பிரபலம். அதையே ரொம்ப ரொம்ப மெதுவாக வாசிக்க வைத்தார். அவ்வளவுதான், ஆமை வந்துவிட்டது!

கங்காரு: பியானோ தாவும், நிற்கும், மறுபடி தாவும்.

கழுதை: வயலின் கீச்சென்று மேலே போய் தொப்பென்று கீழே விழும். என் தம்பி இதைக் கேட்டு உருண்டு உருண்டு சிரித்தான்.

அன்னம்: செல்லோ என்ற வாத்தியம் அன்னமாக மிதக்கும். பியானோ அதைச் சுற்றித் தண்ணீராக அசையும். இதைக் கேட்டபோது மட்டும் தம்பிகூட பேசவில்லை.

பியானோ பழகுகிறவர்களையும் ஒரு மிருகமாகச் சேர்த்துவிட்டார் இந்தக் குறும்புக்காரர்!

ஆனால் ஒரு விஷயம். இதை நண்பர்கள் மத்தியில் மட்டும் வாசித்துக் காட்டினார். புத்தகமாக வர விடவில்லை. பெரிய பெரிய இசை எழுதுகிறவர், இதைப் பார்த்து மதிப்புக் குறைந்துவிடுமோ என்று பயந்தாராம். அன்னத்தை மட்டும் வெளியிட்டார். 1921-இல் அவர் இறந்தார். 1922-இல்தான் முழுவதும் வெளிவந்தது. இன்றைக்கு அவர் பேரைச் சொன்னால் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது இதுதான். 35 வருஷத்துக்கு மேல் பெட்டியில் கிடந்த இசை! எத்தனை பேர் சிரித்து மகிழ்ந்ததை அவர் பார்க்காமலே போய்விட்டார்.

அக்கா இதைச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் வேடிக்கைப் பாட்டு எழுதி வைத்திருக்கிறேன். கேலி செய்வார்களே என்று யாரிடமும் காட்டியதில்லை.

அடுத்த மாதம் இதே சுவரில் அதில் ஒன்று வரும். சிரிப்பு வந்தால் நல்லா சிரிங்க. அதுக்குத்தான் எழுதினேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி