லைன் கரண்டும் இஞ்சின் கரண்டும் சந்திக்கக் கூடாது

தோட்டப்புறத்தில் வளர்ந்த மூத்தவர்களுக்கு 'இஞ்சின் லைட்டு' நன்றாகத் தெரியும். பல தோட்டங்களில் பொழுது சாய்ந்ததும் இஞ்சின் ரூமில் சத்தம் கேட்கும். லயத்தில் விளக்கு எரியும். இரவு பத்து மணி வாக்கில் அணைந்துவிடும். பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். லயங்களுக்குப் போதுமான மின்சாரம் தருவது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் சொல்கிறது.

லைன் கரண்டு வந்த பிறகும் இஞ்சின் தேவை போகவில்லை. 1996 ஆகஸ்டு 3-ஆம் தேதி தீபகற்ப மலேசியா முழுவதுமே இருளில் மூழ்கியதே, மறக்க முடியுமா? ஜெஞ்சாரோம், பந்திங் பக்கம் துண்டு நிலத்தில் மாடு, கோழி என்று பிழைக்கும் நம்மவர்களுக்குக் கரண்டு நின்றால் தண்ணீர் பம்பு நிற்கும். கோழிக்குஞ்சுக்குச் சூடு தரும் விளக்கு அணையும். அதனால் சின்ன ஜெனரேட்டர் வாங்குகிறார்கள். வாங்குவதில் தவறில்லை. மாட்டுகிற விதத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

"இதுக்கு எதுக்குங்க வயர்மேன்? ரெண்டு பக்கமும் பிளக்கு வச்ச வயரைச் சுவத்துல குத்தினா போதும்" என்பார் ஒருவர். தோழர்களே, அது வயர் அல்ல, இருதலைப் பாம்பு! ஒரு முனை ஜெனரேட்டரில் இருக்கும்போது, கையிலிருக்கும் மறுமுனையின் பித்தளைக் கம்பியில் 230 வோல்ட் ஓடுகிறது.

இன்னொரு ஆபத்து நம் கண்ணுக்குத் தெரியாது. மெயின் சுவிட்சு திறந்திருந்தால் நம் கரண்டு வெளியே லைனுக்குப் போகும். அங்குள்ள டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்குத் தருவது. பின்பக்கமாகக் கரண்டு ஏறினால் அதே டிரான்ஸ்பார்மர் அதை உயர்த்திவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய தொழிலாளியின் உயிர் போகலாம். அவரும் நம்மைப்போல் கூலிக்கு உழைப்பவர்தானே!

இதற்கு வழி 'சேஞ்ச் ஓவர் சுவிட்சு'. ஒரு பக்கம் லைன், மறுபக்கம் இஞ்சின், நடுவில் ஆப். ஒன்று சேர்ந்தால் மற்றது தானாக விலகும். அது நியூட்ரல் கம்பியையும் சேர்த்து மாற்றுவதாக இருக்க வேண்டும். எர்த் கம்பியை எப்போதும் துண்டிக்கக் கூடாது. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனை வைத்தே மாட்டுங்கள்.

கரண்டு போனால் செய்ய வேண்டிய முறை இது: எல்லாச் சுவிட்சையும் அடையுங்கள். சேஞ்ச் ஓவரை நடுவில் வையுங்கள். இஞ்சினை ஓட்டி, சத்தம் சீரானதும் இஞ்சின் பக்கம் திருப்புங்கள். முதலில் பம்பைப் போட்டு, பிறகு விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். பம்பு மோட்டார் கிளம்பும்போது, ஓடுவதைவிடப் பல மடங்கு கரண்டு இழுக்கும். ஒரு குதிரைசக்தி என்பது 746 வாட்தானே என்று அதே அளவுக்கு ஜெனரேட்டர் வாங்கினால் பம்பு முனகும், சுற்றாது.

இஞ்சினை வீட்டுக்குள்ளோ அஞ்சடியிலோ வைக்காதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குபவர் எழாமலே போவார்.

சுவிட்சுக்கும் வயர்மேனுக்கும் நாலு காசு செலவாகத்தான் செய்யும். ஓர் உயிரின் விலையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.